கட்டைவிரலுக்கு வேலை இல்லாத பிஸ்டல்

தமிழ்ப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி இது. ஹீரோ கறுப்பு க்ளாக் பிஸ்டலை இடுப்பிலிருந்து எடுப்பார், கட்டைவிரலால் பக்கவாட்டில் எதையோ தட்டுவார், 'டக்' என்று சத்தம் வரும். சேஃப்டியை எடுத்துவிட்டாராம். க்ளாக்கில் அந்த இடத்தில் தட்டித் திறக்க எந்தப் பூட்டும் கிடையாது. அங்கே இருப்பது ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைக்கிற சின்னத் தகடு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். காவல்துறையில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரிவாக்கத்தில் இப்படி ஆட்கள் கிடைப்பது ஆச்சரியமில்லை. ஒரு பக்கம் ஆவடி: டாங்கித் தொழிற்சாலை, சிஆர்பிஎஃப், சிறப்புக் காவல் படை. இன்னொரு பக்கம் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம். துப்பாக்கியோடு ஆட்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த ஊர். அவரிடம் "சார், க்ளாக்ல சேஃப்டியே இல்லையாமே?" என்று கேட்டேன். "யார் தம்பி சொன்னது? மூணு இருக்கு. உன் கட்டைவிரலுக்குத்தான் அதுல வேலை இல்ல" என்றார்.

யூடியூபில் இந்த விஷயத்துக்கு இரண்டு கட்சி இருக்கிறது. "க்ளாக் சேஃப்டி இல்லாத ஆபத்தான துப்பாக்கி" என்பது ஒன்று. "கட்டைவிரல் பூட்டெல்லாம் பழைய பஞ்சாங்கம்" என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் கேள்வியைத் தப்பாகக் கேட்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

முதலில் பாலிமர் சமாச்சாரத்தை முடித்துவிடலாம். சட்டகம் பிளாஸ்டிக் என்பதற்கும் பூட்டு இல்லை என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1970-இல் வந்த ஹெக்லர் அண்ட் காக் விபி70-தான் முதல் பாலிமர் பிஸ்டல். காஸ்டன் க்ளாக்கின் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் எடுத்துக்கொண்டது. அது உலகம் முழுக்க ஓடியதால் 'பாலிமர் என்றால் பூட்டு கிடையாது' என்று நமக்குப் பதிந்துவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி பாலிமர்தான், பூட்டு வேண்டுமென்றால் பூட்டோடு கிடைக்கும். அமெரிக்க ராணுவம் 2017-இல் தேர்ந்தெடுத்த சிக் எம்17-இல் இருபக்கமும் பூட்டு உண்டு. அந்தப் போட்டிக்கு க்ளாக் கம்பெனியே பூட்டு வைத்த மாடலைத்தான் அனுப்பியது.

பெரியவர் சொன்ன மூன்று எவை? ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, அதை அமுக்காமல் ட்ரிகர் நகராது. ஃபயரிங் பின்னை உள்ளே ஒரு பாகம் தடுத்து நிற்கிறது. கீழே விழுந்தால் பின் நழுவாமல் பிடிக்க இன்னொரு அமைப்பு. மூன்றும் ட்ரிகரை இழுக்கும்போது வரிசையாக விலகும், விரலை விட்டால் திரும்பி வரும். அதாவது துப்பாக்கி தானாக வெடிக்காமல் இருக்க எல்லாம் இருக்கிறது. உங்கள் விரல் தெரியாமல் இழுத்தால் தடுக்கத்தான் எதுவும் இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம். 2024 அக்டோபர் 1 அன்று நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய லைசென்ஸ் ரிவால்வரின் குண்டே பாய்ந்தது. அலமாரியில் வைக்கும்போது கைதவறி விழுந்து வெடித்தது என்றார்கள். உடனே "சேஃப்டி போடலையா?" என்று கமெண்ட். ரிவால்வர்களில் பொதுவாகக் கட்டைவிரல் பூட்டே கிடையாது. விழும் துப்பாக்கியை வெடிக்காமல் காப்பது உள்ளே இருக்கிற தடுப்பு. கட்டைவிரல் பூட்டு மனிதக் கைக்குப் போட்ட பூட்டு.

அதிலும் 'பூட்டு' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் வேலை ஒன்றல்ல. கோல்ட் 1911-இல் பூட்டைப் போட்டால் ஹேமரைப் பிடித்திருக்கும் சியரே நகராது, ஸ்லைடும் நகராது. சிக் எம்17-இல் அது ட்ரிகரிலிருந்து போகும் இணைப்பை மட்டும்தான் தடுக்கிறது. அந்தக் குடும்பத்தின் பொதுச்சந்தை மாடலான பி320, குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று 2017-இல் தெரிந்து கம்பெனி பாகங்களை மாற்றிக் கொடுத்தது. காரணம் ட்ரிகரின் சொந்த எடைதான். விழுந்த வேகத்தில் அது தானே பின்னால் போய்விடும். 2025 ஜூலையில் ஒரு வீரர் இறந்தபின் அமெரிக்க விமானப்படையின் ஒரு பிரிவு எம்18-ஐ நிறுத்தி வைத்தது. அதில் பூட்டு உண்டு, ஞாபகம் இருக்கட்டும். அடுத்த மாதம், அந்தச் சாவு தொடர்பாக இன்னொரு வீரர் கைதானார், சோதனைகளுக்குப் பிறகு பிஸ்டல் வேலைக்குத் திரும்பியது. இணையத்தில் அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்திய ராணுவத்திலும் போலீஸிலும் ரொம்ப காலமாக இருப்பது இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்யும் 9 மிமீ 1ஏ. பிரவுனிங் ஹை-பவரின் வாரிசு. முழு இரும்பு, 13 தோட்டா, இடப்பக்கம் கட்டைவிரல் பூட்டு. அந்தப் பூட்டு சின்னது, அவசரத்தில் விரலுக்கு அகப்படாது என்பது ஹை-பவர் மேல் உலகம் முழுக்க உள்ள பழைய புகார். "நாங்க அதை நம்பினதே இல்ல தம்பி. சேம்பர் காலி. அதான் எங்க சேஃப்டி" என்றார் பெரியவர். தேவைப்பட்டால் ஸ்லைடை இழுத்து ஏற்றிக்கொள்வது. அப்படி வைத்திருப்பவருக்கு பக்கவாட்டில் பூட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அமெரிக்கர்கள் சண்டை போடுவதெல்லாம் சேம்பரில் தோட்டாவோடு நாள் முழுக்க இடுப்பில் சுமப்பதைப் பற்றி. அந்தச் சண்டையை அப்படியே இறக்குமதி செய்து தமிழில் டப்பிங் பேசுகிறோம்.

ஆனால் 1ஏ-யில் பழகிய கை க்ளாக்குக்கு மாறும்போது நிஜமாகவே ஒரு ஆபத்து இருக்கிறது. அதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஹை-பவர் வடிவமைப்பில் மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. சேம்பரில் ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் வெடிக்காது. க்ளாக்கில் அப்படி இல்லை. மேகசின் வெளியே வந்தாலும் உள்ளே கிடக்கும் தோட்டா வெடிக்கும். அடுத்தது, பிரிப்பது. ஹை-பவரைப் பிரிக்க ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அதே கட்டைவிரல் பூட்டை மேலே ஏற்றி ஸ்லைடை நிறுத்துவார்கள். பூட்டின் உருப்படியான உபயோகங்களில் அது ஒன்று. ஸ்லைடு பின்னால் நிற்பதால் சேம்பர் கண்ணெதிரே திறந்து கிடக்கும். க்ளாக்கைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். சேம்பரைப் பார்க்க மறந்த ஒருவர் அழுத்தினால்?

'துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக வெடித்தது' என்று பேப்பரில் வரும் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. இந்த இடத்தில் கட்டைவிரல் பூட்டு வைத்த க்ளாக் ஒன்று இருந்தாலும் பிரயோஜனமில்லை. பிரிப்பதற்காகப் பூட்டை எடுத்துவிட்டுத்தானே அழுத்துவார்? பத்து வருஷம் 1ஏ-யில் 'மேகசின் வெளியே, ஆள் பத்திரம்' என்று கை கற்றுக்கொண்டதை ஒரு நாள் வகுப்பில் மறக்க வைக்க முடியாது.

நியூயார்க் போலீஸ் ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது வேறு வழி பிடித்தார்கள். பூட்டு வைக்கவில்லை, க்ளாக் ட்ரிகரின் கனத்தைச் சுமார் 5.4 கிலோவுக்கு ஏற்றினார்கள். வழக்கமாக அது இரண்டரை கிலோ கிட்ட இருக்கும். தெரியாமல் இழுபடுவது குறையும், குறியும் சேர்ந்து கெடும். 2021-இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இலகுவான ட்ரிகர் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது சரியோ தப்போ, மாறுகிறவர்களின் கைப்பழக்கம் என்ன என்ற கேள்வியையாவது கேட்டார்கள்.

இங்கே என்எஸ்ஜி க்ளாக் வைத்திருக்கிறது. அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, தினமும் சுடுகிறவர்கள். கவலை சாதாரண ஸ்டேஷன் எஸ்.ஐ.யைப் பற்றி. போலீஸ் நவீனமயம் பற்றிய சிஏஜி அறிக்கைகளில் சுடும் பயிற்சி குறைவு என்ற குறிப்பு மாநிலத்துக்கு மாநிலம் திரும்பத் திரும்ப வருகிறது. க்ளாக்கை நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே செய்யப் போவதாகச் சில வருஷங்களுக்கு முன் செய்தி வந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம், நானும்தான். அந்தச் செய்தியில் பிஸ்டலின் பெயர்கள் இருந்தன. ட்ரிகரை முழுசாக மூடுகிற ஹோல்ஸ்டர் பற்றி யாரும் கேட்கவில்லை. பூட்டில்லாத பிஸ்டலுக்கு அந்த ஹோல்ஸ்டர்தான் நாலாவது சேஃப்டி. தொளதொள கேன்வாஸ் உறையில் அதைச் செருகினால் உறையின் மடிப்பே ட்ரிகரில் மாட்டலாம்.

(9 மிமீ தடைசெய்யப்பட்ட போர் என்பதால் சாதாரண லைசென்ஸில் க்ளாக் 17 வாங்க முடியாது. எனவே "எந்த மாடல் வாங்கலாம் ப்ரோ" என்று கேட்டு மெயில் அனுப்ப வேண்டாம்.)

போன வாரம் பெரியவரிடம் இந்த மேகசின் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "க்ளாஸ் எடுக்கும்போது நான் முதல்ல மேகசினைக் கழட்டுவேன், அப்புறம் சேம்பர்ல சுண்டுவிரலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். பசங்க சிரிப்பாங்க. கண்ணால பார்த்தா போதாதா சார்னு" என்றார். டார்ச் இல்லாத ராத்திரி டூட்டியில் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அவர்களிடம் திருப்பிக் கேட்பாராம்.