காந்தாரம் மாறும் தருணம்: கீஸ்டெப் சீக்குவென்சர்

பிடித்து வைத்த ஸ்வரங்களைத் தானே பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் ஆர்ப்பெஜியேட்டர் என்னும் வசதி மின்னிசைக் கருவிகளில் நெடுங்காலமாக இருந்து வருவதாயினும், அவ்வரிசையில் ஒரு ஸ்வரத்தை உரிய வேளையில் மாற்றுவதற்கு வாசிப்பவர் கை கட்டைகளின்மீதே காத்துக் கிடக்க வேண்டியிருப்பது பெருங்குறையாகும். அந்தக் கையை விடுவிக்கும் பொருட்டு, ஆர்ட்டூரியா நிறுவனம் 2016இல் வெளியிட்ட கீஸ்டெப் என்னும், ஸ்வரங்களைப் படிப்படியாகப் பதிந்து திரும்ப அனுப்பும் சிறு சீக்குவென்சரை, ஆர்ப்பெஜியேட்டர் கொண்ட மைக்ரோகோர்க் என்னும் சிந்தசைசருடன் மிடி கேபிளால் இணைத்து, உடுப்பிட்டியில் என் வீட்டு விறாந்தையில் வைத்துப் பரீட்சித்தேன்.

கீஸ்டெப்பில் 32 கட்டைகளும், படிக்கு எட்டு ஸ்வரம்வரை பதியத்தக்க 64 படிகளும் உண்டு. ஆர்ப்பெஜியேட்டரும் உண்டு, ஆனால் அதையோ சீக்குவென்சரையோ ஒரே ஆளியால் தெரிந்தெடுக்க வேண்டியிருப்பதால், தன் ஞாபகத்திலுள்ளதைத் தன் ஆர்ப்பெஜியேட்டருக்கே ஊட்ட அதற்கு இயலாது. இரண்டாவது கருவி அவசியமாவது இதனாலேயே.

பரீட்சைக்கு நான் தெரிந்தெடுத்த மோகனம், சிவரஞ்சனி ஆகிய ராகங்களுக்கு நான்கு ஸ்வரங்கள் பொது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கிய மாத்திரத்தில் ராகத்தின் முகமே வாடிவிடுகிறது. படிக்கு ஓர் அக்ஷரமாக, முதற்படியில் மோகனத்தின் ஐந்து கட்டைகளையும் ஒருசேர அழுத்திப் பதிந்து, ஏழு படிகளை ஓய்வாக விட்டு, ஒன்பதாம் படியில் காந்தாரத்தை மட்டும் மாற்றி அழுத்தி, மீண்டும் ஏழு ஓய்வுகளைப் பதிந்தால், ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனங்கள் 16 படிகளில் அடங்கிவிடும். மைக்ரோகோர்க்கின் லாட்ச், ஒருமுறை கேட்ட கூட்டத்தை அடுத்தது வரும்வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும். முந்தியது முற்றாக விடுபடுமுன் பிந்தியது வந்தால் இரண்டு காந்தாரங்களும் கலந்து ராகம் கெட்டுவிடுமாதலால், அந்த ஓய்வுகளே இங்கே பிரதானம். மைக்ரோகோர்க்கின் கீ சிங்க் வசதி இயங்கினால் ஒவ்வொரு கூட்டமும் சமத்திலேயே தொடங்கும்; அது தன் கடிகாரத்தைக் கீஸ்டெப்பிலிருந்து ஏற்குமாறும் அமைத்துவிட வேண்டும்.

அக்ஷரத்துக்கு நான்கு ஸ்வரமென ஓடவிட்டபோது விளைந்த கணக்கு என்னைப் பரவசப்படுத்தியது. மைக்ரோகோர்க் ஆர்ப்பெஜியேட்டரின் ஆல்ட் 1 முறையில் ச ரி க ப த ப க ரி என்று எட்டே ஸ்வரங்களில் சுற்று முடிவதால், ஆவர்த்தனத்தின் 32 ஸ்வரங்களில் நான்கு சுற்றுகள் மிச்சமின்றிப் பொருந்துகின்றன. ஆல்ட் 2 முறையோ உச்சியையும் அடியையும் இருமுறை ஒலிக்கும். முடிந்த ஸ்வரமே மீண்டும் தொடக்கமாகும் இந்த அமைப்பை, அந்தாதிகள் பாடிய சிவசம்புப் புலவர் பிறந்த உடுப்பிட்டியில் அந்தாதி என்றால் போதும். பத்து ஸ்வரச் சுற்றாகையால் இரண்டு ஸ்வரம் மிஞ்சி நிற்க, கீ சிங்க் அதனைச் சமத்துக்கு இழுத்து வருகையில் பிறக்கும் சிறு அதிர்ச்சி மிகவும் ரஸமானது.

மைக்ரோகோர்க் ஆறு பற்றரிகளிலும், கீஸ்டெப் யூஎஸ்பி வழியாகவும் இயங்குவதால், மின்சாரம் நின்ற மாலையிலும் அப்பியாசம் தடைப்படவில்லை.

ராகங்களை யந்திரத்தில் ஒலிக்கும் முயற்சி புதிதன்று; மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங், ரோலண்ட் டிபி-303 முதலிய யந்திரங்களைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982இல் இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்தார். அந்த 303இல் எந்த ஸ்வரம் வழுக்கிச் செல்ல வேண்டுமென்று தனித்தனியே குறிக்கலாம். மைக்ரோகோர்க்கின் வழுக்கலோ எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே அளவாகையால், கமகத்துக்கு அது உதவாது. ஆகவே ராகத்தின் அசைவைப் பாடுபவரிடமோ வயலினிடமோ ஒப்படைத்து, இவ்விணையைப் பின்னணிக்குக் கொள்வதே உசிதமென்பது என் அபிப்பிராயம். மிடி வழியாக இயங்கும் ஆர்ப்பெஜியேட்டரைக் கொண்ட கருவி கைவசமிருப்போர் கீஸ்டெப்பைத் தாராளமாக வாங்கலாம். அத்தகைய கருவி இல்லாதோர் முதலில் அதைத் தேடிக்கொள்வதே நன்று.