ஜூலுவின் கேள்வியும் பிஷப்பின் கணக்கும்

கிறிஸ்தவ வேதாகமத்தில் எழுதப்பெற்றுள்ள அனைத்தையும் எழுத்துக்கெழுத்து மெய்யென்று விசுவாசிகள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமோ என்னும் வினாவை ஆராயப் புகுவார், 1862ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சேறிய ஒரு நூலைப் பாராது செல்லுதல் இயலாது. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் புத்தகத்தையும் பரிசோதிக்கும் நூல் அது. அதனை இயற்றியவர் நாத்திகர் அல்லர்; கிறிஸ்து சமயத்தைத் தாக்கவென்று புறப்பட்ட பிற சமயத்தாரும் அல்லர். தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு 1853இல் பிஷப்பாக நியமிக்கப்பெற்ற ஜான் வில்லியம் கொலென்சோ என்பார். பிஷப் ஆவதற்கு முன்னர் அவர் கணித ஆசிரியர். அவர் எழுதிய எண்கணித நூல் ஆங்கிலப் பள்ளிகளிலே பெருவழக்காய் இருந்தது. வேதத்தைப் பரப்பவென்று கப்பலேறிய ஒருவர் கணக்கு வாத்தியாரின் கோலைக் கையிலெடுத்துக்கொண்டு மோசேயின் முன் போய் நின்றார், இங்கிலாந்து திடுக்கிட்டது.

ஆயினும் கோலை அவர் கையில் கொடுத்தவர் வேறொருவர். அவர் வில்லியம் இங்கிடி என்னும் ஜூலு இனத்தவர். பிஷப் ஜூலு மொழியைக் கற்று, அதற்கு அகராதியும் செய்து, வேதாகமத்தை அம்மொழியில் பெயர்த்து வந்தபோது அருகிருந்து உதவியவர். நோவாவின் ஜலப்பிரளயக் கதையைப் பெயர்க்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்து, இவையெல்லாம் மெய்தானா, வெப்ப நாட்டு மிருகங்களும் குளிர் நாட்டு மிருகங்களும் சோடி சோடியாக ஒரு பேழைக்கு நடந்து வந்தனவென்று நீர் நம்புகின்றீரா, புலால் உண்ணும் விலங்குகளுக்கும் நோவாவே இரை தேடி வைத்தாரா என்று வினவினார். பிஷப்போ நிலநூல் கற்றவர். பிரான்சு தேசத்து எரிமலைக் குன்றுகளில் நோவாவின் காலத்திற்கு மிகவும் முற்பட்ட இலேசான சாம்பற்கற்கள் அசையாமற் கிடக்கின்றன என்பதும், உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் ஒன்று வந்திருப்பின் அவை அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆண்டவனின் பேரால் பொய்யுரைக்க அவர் நா எழவில்லை. முகவுரையில் இந்நிகழ்ச்சியை மறையாது எழுதியுள்ளார். ஆனால் கேள்வி கேட்டவரைப் பெயரிட்டுக் கூறாமல், குழந்தையின் பணிவும் முதிர்ந்தோனின் பகுத்தறிவும் உடைய ஒரு சுதேசி என்று மட்டும் சொல்லிச் செல்கின்றார். கேள்வி பெரிது, கேட்டவன் பெயர் சிறிது போலும்!

இனி, கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எகிப்தினின்று புறப்பட்ட இஸ்ரவேலருள் இருபது வயதிற்கு மேற்பட்ட ஆடவர் 603,550 பேர் என்று எண்ணாகமம் இயம்புகின்றது. சபையார் அனைவரையும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூட்டியதாக லேவியராகமம் மொழிகின்றது. கூடாரத்தின் அகலமோ பத்து முழம். ஒரு வரிசைக்கு ஒன்பது பேராக நெருக்கி நிறுத்தினும், வளர்ந்த ஆடவர் மட்டுமே ஏறத்தாழ இருபது மைல் தூரத்திற்கு நிற்க வேண்டியிருக்கும் என்று பிஷப் காட்டுகின்றார். மேலும், தலைப்பிள்ளைகளான ஆண்மக்கள் 22,273 பேர் என்று அதே எண்ணாகமத்தில் வேறோரிடத்தில் காண்கிறோம். இவ்விரண்டு தொகைகளையும் வகுத்துப் பாருங்கள்: சிறுவரைச் சேர்க்காமலே, தாய் ஒருத்திக்கு இருபத்தேழு ஆண்மக்கள் வீதம் வருகின்றது! முயல் அசைபோடும் பிராணி என்று லேவியராகமம் கூறுவதையும் பிஷப் விட்டுவைக்கவில்லை.

இவையெல்லாம் மறுக்கவொண்ணாதனவே. எனினும், நூலை நடுநிலையில் நின்று மதிப்பிடுவார்க்கு ஒரு குறை புலப்படாமற் போகாது. பக்கம் பக்கமாகக் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் வருகின்றன. வாசிப்பவன் சலிப்படைகின்றான். எதிர்க்கட்சியாரும் எளிதில் தப்பிக்கொள்கின்றனர். எபிரேய மொழியில் ஆயிரம் என்று பொருள்படும் 'எலெப்' என்னும் சொல்லுக்குக் குடும்பக் கிளை என்ற பொருளும் உண்டு. ஆகவே அறுநூறு ஆயிரம் என்பது அறுநூறு கிளையே என்று பின்வந்தோர் சமாதானம் கூறினர். கூறட்டும். அங்ஙனம் கூறப் புகுந்த கணமே, எழுத்தைத் தம் அறிவினால் எடைபோட்டு ஏற்றுக்கொள்பவராகி விடுகின்றனர் அன்றோ?

அந்நூலிலுள்ள மாணிக்கம் கணக்கில் இல்லை. மற்றொரு சிறு நிகழ்ச்சியில் இருக்கின்றது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. எசமானன் தன் அடிமையைக் கோலால் அடிக்க, அவ்வடிமை அவன் கையிலேயே இறந்துபோனால் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடிருந்து பின்பு இறப்பானாயின் தண்டனை இல்லை. ஏனெனில் அடிமை அவனுடைய பணம் என்பது அதன் கருத்து. இவ்வாக்கியங்களை ஜூலு மொழியில் பெயர்க்க உதவிய ஜூலு கிறிஸ்தவர் அருவருத்துக் கொதித்துப் போனார். எல்லா மாந்தர்க்கும் இரக்கமுள்ள தந்தை என்று நீர் எமக்குப் போதிக்கும் ஆண்டவன், ஒரு வேலைக்காரனைப் பணம் என்று பேசுவானோ, சில நாழிகை தாங்கினான் என்பதற்காகக் கொலைஞனை விட்டுவிடுவானோ என்பதே அவர் மனத்தில் எழுந்த கொதிப்பு. பிஷப்பின் நெஞ்சமும் அவர் பக்கமே நின்றது. அப்போதைக்கு, இவை மோசே எழுதிவைத்த சொற்கள், தேவன் அருளியன என்று மோசே நம்பியிருப்பார் என ஏதோ சொல்லித் தம்மையும் அவரையும் தேற்றிக்கொண்டதாக எழுதுகின்றார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று நோக்குக. முதற்கேள்வி, நடந்ததா என்பது. இரண்டாவது, நடந்தாலும் நீதியா என்பது. பேழையின் நீள அகலம் பிழையென்று தெரிந்தால் யாருக்கும் காயமில்லை. அடிமை பணமே என்பது தேவவாக்கு என்று ஒப்புக்கொண்டால், முதுகில் அடி விழுகின்றது. அந்த நேட்டாலுக்கே 1860 நவம்பரில், சென்னையிலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் நம்மவரைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கிற்று. ஒப்பந்தக் கூலி அடிமையல்லன் என்று சட்டம் சொல்லும். கூலி ஒருவனை ஆளாக எண்ணுவதா, முதலாக எண்ணுவதா என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிஷப் இரண்டாவது கேள்விக்குச் சில வரிகளும், முதற்கேள்விக்குப் பல நூறு பக்கங்களும் ஒதுக்கினார். இதுவே அந்நூலின் மேல் நாம் சாட்டும் குற்றம்.

ஒரு செங்கல்லைப் பிடுங்கினால் சுவர் முழுதும் சரிந்துவிடும். ஆகவே முழுவதையும் நம்பு, அல்லது முழுவதையும் விடு என்று சிலர் வாதிப்பர். முழுவதையும் நம்பினோம் என்பார் செய்தது யாது? 1807இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த கறுப்பு அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டனர். இஸ்ரவேலர் அடிமைத்தளை அறுத்து எகிப்தினின்று வெளியேறும் வரலாறு அதில் இல்லை! அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை எனப் பவுல் எழுதிய வசனமும் இல்லை. வேலைக்காரர் எசமானர்க்குக் கீழ்ப்படிக என்னும் வசனம் மாத்திரம் பத்திரமாக இருந்தது. செங்கல்லையன்று, சுவரையே பிடுங்கியவர்கள் இவர்கள்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததும் இத்தகையதே. அடிமை வைத்திருப்போர் மதப்பிரசாரகராகலாமா என்ற பிணக்கில், 1845இல் தென்னாட்டு பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்தனர். அவர்கள் வேதவசனம் காட்டாமலா வாதித்தனர்? காம் என்பானின் சந்ததிக்கு நோவா இட்ட சாபத்தைக் காட்டினர். பவுலின் நிருபங்களைக் காட்டினர். உண்மையைச் சொன்னால், எழுத்தளவில் பார்க்கும்போது அவர்கள் பக்கம் வலுவுடையதாகவே இருந்தது. அடிமைத்தனத்தை எதிர்த்த கிறிஸ்தவர்களோ எழுத்தைவிட்டு, வேதத்தின் உள்ளக்கருத்து எது என்று மனச்சாட்சியைக் கேட்க வேண்டியவராயினர். அச்சபை 1995இல் தன் பழம்பாவத்திற்காக மன்னிப்புக் கோரிற்று. நூற்றைம்பது ஆண்டு கழிந்தது. ஜூலுவுக்கு அதை உணர ஒரு நாழிகை போதியதாயிருந்தது.

பிஷப்பைச் சாடியோருள் வைதீகப் பாதிரிமாரை விட்டுவிடுவோம். அவர்கள் கூற்றில் புதுமை இல்லை. நம் கவனத்தை ஈர்ப்பவர் மாத்தியூ ஆர்னால்டு என்னும் பெரும்புலவர். 1863 ஜனவரியில் ஒரு பத்திரிகையில் அவர் வரைந்த கண்டனம் வேறு வகையினது. மோசேயின் கணக்கு சரியென்று அவர் கூறவில்லை. இவையெல்லாம் கற்றோர் முன்னரே அறிந்தவை, அவர்களுக்கு இந்நூலால் அறிவு வளராது. கல்லாத பெருமக்களுக்கோ பக்தி குலையும், ஆகவே இருசாராருக்கும் பயனற்ற நூல் என்றார். ஸ்பினோசாவை எடுத்துக்காட்டி, அத்தத்துவஞானி 1670இல் தம் வேத ஆராய்ச்சியை இலத்தீனில் எழுதிக் கற்றோர்க்கு மட்டும் அளித்ததைப் புகழ்ந்தார்.

இவ்வாதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கின்றோம் அல்லவா? சாஸ்திரத்தைப் பாமரன் காதில் போடலாகாது என்று நம் நாட்டில் சொன்னவர்களின் குரலேதான், ஆங்கில உடையணிந்து வருகின்றது. ஆர்னால்டு மறந்தது ஒன்றுண்டு. பாமரனுக்கு ஐயத்தைப் புகட்டியவர் பிஷப் அல்லர்; பிஷப்புக்கு ஐயத்தைப் புகட்டியவரே பாமரர் என்று இவர் கருதும் ஜூலு. மதம் மாற்றப் போனவர் மாறி வந்தார் என்று இங்கிலாந்து பரிகசித்துச் சிரித்தது. சிரித்தவர்க்கு அந்நகைச்சுவையின் பொருள் விளங்கவில்லை. ஸ்பினோசாவும் தம் நூல் டச்சு மொழியில் வெளிவராதபடி தடுக்கும்படி நண்பருக்கு எழுதியவர்தாம். தடையுத்தரவு வந்துவிடுமே என்னும் கவலையால் அவ்வாறு எழுதினார். இலத்தீன் நூலுக்கும் 1674இல் தடை வந்தது. அடக்குமுறைக்கு அஞ்சிய ஒருவரின் எச்சரிக்கையை ஞானத்தின் இலக்கணமாக்குதல் புலவர்க்கு அழகன்று.

புராணங்களையும் இதிகாசங்களையும் சுயமரியாதைத் தோழர்கள் மேடையில் எடைபோட்டபோது கைதட்டி மகிழ்ந்த கிறிஸ்தவ அன்பர் பலர். அதே தராசு தங்கள் வேதத்தின் பக்கம் திரும்பினால் முகம் சுளிக்கின்றனர். நம் பக்கத்திலும் குறை இல்லாமலில்லை. பிறர் வேதத்தில் முயல் அசைபோடுவதைக் கண்டு நகைப்போர், தம் வீட்டுப் புராணத்தில் பாம்பு பூமியைத் தாங்குவதைக் காணாதவர்போல் இருக்கின்றனர். தராசு ஒன்றாயிருத்தல் வேண்டும்.

பிற்கதையைச் சுருக்கமாய்க் கூறுவோம். கேப்டவுன் பிஷப் ராபர்ட் கிரே 1863இல் கொலென்சோவை மதநிந்தைக் குற்றத்திற்காக விசாரித்துப் பதவி நீக்கினார். 1865இல் இலண்டன் பிரிவி கவுன்சில், கிரேவுக்கு அவ்வதிகாரம் இல்லையென்று தீர்த்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நம் இரட்சிப்பின் பொருட்டுத் தேவன் எழுதுவிக்க விரும்பிய சத்தியத்தையே வேதம் பிழையின்றிப் போதிக்கின்றது என்று வகுத்துக் கூறிற்று. 1978இல் சிக்காகோ நகரில் கூடிய புரொட்டஸ்டாண்டு போதகர்களோ, சரித்திரத்திலும் விஞ்ஞானத்திலுங்கூட வேதத்திற்குப் பிழையில்லை என்று அறிக்கை விட்டனர். ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை.

கொலென்சோ விசுவாசத்தை விடவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆலயத்தில் தொடர்ந்து பிரசங்கித்தார். 1874இல் லாங்கலிபலேலே என்னும் தலைவனை நேட்டால் அரசாங்கம் அநீதியாய்த் தண்டித்தபோது அவனுக்காக வாதாடி, வெள்ளைக் குடியேறிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1879 ஜனவரி 22ஆம் நாள் இசாண்டில்வானாவில் ஜூலுப் படை ஆங்கிலப் படையை முறியடித்தது. ஆங்கிலத் தரப்பில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மார்ச்சு 12ஆம் நாள், பழிவாங்கும் வெறி ஊரெங்கும் எரிந்துகொண்டிருக்க, அவர் ஆலயத்தில் எழுந்து நின்றார். அன்று பிரசங்கத்திற்கு எடுத்துக்கொண்டது, நியாயஞ் செய், இரக்கத்தை விரும்பு, தாழ்மையாய் நட என்று மீகா தீர்க்கதரிசி கூறும் இடம். ஜூலு நாட்டிற்குள் படையோடு புகுந்த நாம் அவர்களிடம் நியாயத்தையும் இரக்கத்தையும் காட்டினோமா என்று, தம் மக்களைப் பறிகொடுத்த சபையாரைப் பார்த்தே கேட்டார். கணக்கு நூலின் ஏழாம் பகுதி வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். ஜூலு மக்கள் அவரை 'சொபாண்டு', அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்தனர்.