திருவாசகமும் பல்லிய இசையும்

சைவத் திருமுறைகள் பன்னிரண்டனுள் எட்டாவதாய் விளங்கும் திருவாசகம், சிவபுராணம் முதல் அச்சோப் பதிகம் ஈறாக 51 பகுதிகளை உடையது. தேவாரத்திற்குப் போலப் பண் வகுக்கப்பெறாத இதனை மோகன இராகத்தில் ஓதுதலே ஓதுவார்களிடை வழங்கிவரும் மரபாகும். அம்மரபின் வேறாக, மேனாட்டுப் பல்லியத்தோடு இயைத்து இளையராஜா அமைத்த திருவாசக இசை 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனைப் போற்றுவோர் அதன் புதுமையையும், பழிப்போர் அதன் அயன்மையையும் கூறி அமைந்தனரேயன்றி, நூலின் கருத்தோடு அஃது எத்துணைப் பொருந்துகின்றது என்பதை ஆராய்ந்தார் சிலரே. ஆராயத்தக்கது அதுவேயாம்.

இளையராஜா 1943-ஆம் ஆண்டு, இந்நாள் தேனி மாவட்டத்தைச் சார்ந்த பண்ணைப்புரத்திற் பிறந்தவர். கம்பம் பள்ளத்தாக்கின் நாட்டுப்பாடல்களைச் செவியிற் கொண்டு வளர்ந்து, தமையனார் பாவலர் வரதராசன் குழுவோடு ஊர்தோறுஞ் சென்று பாடினார். பின்னர்ச் சென்னையிலே தன்ராஜ் என்னும் ஆசிரியரிடம் மேனாட்டு இசை பயின்றார். 1976-இல் ‘அன்னக்கிளி’ என்னும் படத்தால் நாடறியப்பெற்ற அவர், 8-3-2025 அன்று இலண்டன் மாநகரிலே தமது சிம்பொனியை அரங்கேற்றினார். முல்லையாற்று நீர் வையையோடு கலந்து, மண் சுமந்த பெருமானது மதுரையை நோக்கிச் செல்வது. அந்நீர் பாயும் பள்ளத்தாக்கிற் பிறந்தார் ஒருவர், அப்பெருமான் யாருக்காக மண் சுமந்தானோ அவ்வடிகளது வாக்கை இசைக்க முற்பட்டமை மகிழ்தற்குரியதே. அவர்தம் வாழ்வையும் இசையையும் வானொலித் தொடராக எடுத்துரைக்கப் புகுவார், திரைப்பாடல்களோடு நில்லாது இவ்விசைக்கும் உரிய இடம் அளித்தல் வேண்டும்.

கோத்தும்பி, சிவபுராணம், யாத்திரைப்பத்து, பிடித்தபத்து, பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய ஆறனினின்றும் எடுத்த பாடல்கள் இதன்கண் உள்ளன. இசைத்தது புடாபெஸ்ட் நகரத்துப் பல்லியக் குழு. இடையே வரும் ஆங்கிலப் பாடல்களை யாத்தவர் அமெரிக்கராகிய ஸ்டீபன் சுவார்ட்சு. இதனைச் சிம்பொனி என வழங்குவர். ஆயினும் சமயப் பொருளைப் பல குரலாலும் பல கருவியாலும் இசைக்கும் ஓரடோரியோ என்பதே இதற்கு உரிய பெயராம். 1742-இல் அரங்கேறிய ஹாண்டலின் ‘மெசையா’ அவ்வகையினது.

அயல்நாட்டுக் கருவி திருமுறைக்கு ஆகாது என்பர் சிலர். திருஞானசம்பந்தப் பெருமானது பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்தார் என்பது பெரியபுராணம். ஆதலின், பாடலோடு கருவி இயைதல் மரபுக்கு மாறன்று. தருமபுரத்திலே யாழில் அடங்காப் பதிகம் எழுந்தபோது, கருவியின் எல்லையைப் பாணரே உணர்ந்தார். அவ்வரலாறு காட்டும் அளவுகோல் ஒன்றுண்டு: கருவி பாட்டின் பின்னே செல்லுதல் வேண்டும். அது தமிழ்நாட்டுக் கருவியாயினும் பிறநாட்டுக் கருவியாயினும் விதி ஒன்றே.

இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, பகுதிகளைத் தெரிந்தெடுத்த திறம் பாராட்டத்தக்கது. யாத்திரைப்பத்து அடியார் கூட்டத்தை ஒருங்கே புறப்படுமாறு அழைப்பது. பொற்சுண்ணம் மகளிர் பலர் கூடி இடிக்குங்காற் பாடுவது. பல குரல் எழுந்து இசைத்தற்கு இவை இயல்பாகவே இடந்தருவன. வயற்பாட்டும் தொழிற்பாட்டும் கேட்டு வளர்ந்த செவியே இவற்றை நாடிற்று எனல் தகும்.

ஆயின், சிவபுராணத்தில் நேர்ந்த குறை சிறிதன்று. அடிகள் முதற்கண் ஐந்தெழுத்தையும் இறைவன் திருவடியையும் வாழ்த்தி, வெற்றி கூறி, போற்றி உரைத்து, அவனருளே அவன் தாளை வணங்குதற்கும் காரணமாயிற்று என நிறுவிய பின்னரே தமது சிறுமையைக் கூறுகின்றார். இவ்விசையோ அச்சிறுமை கூறும் இடத்தையே தலைப்பாகக் கொண்டு தொடங்குகின்றது. உடன்வரும் ஆங்கிலப் பாடலும், குறையுடைய மனிதன் தூயதொன்றை எட்டுதல் எங்ஙனம் என வினவுவதாயிற்று. அடிகள் வினா அதுவன்று. தாம் எட்டுதல் எங்ஙனம் என அவர் மயங்கினாரல்லர். எட்டாதவன் தம்பொருட்டு இறங்கி வந்தமையை எண்ணியே உருகினார். விளக்கு வந்தபின்னரே அறையின் மாசு கண்ணுக்குப் புலனாம். அதுபோல, அருள் முன்னிற்ப உயிர் தன் மலத்தை உணரும் என்பது சித்தாந்தத் துணிபு. முறை பிறழவே, அருளைப் பாடும் பாட்டு முயற்சியைப் பாடும் பாட்டாய்க் கேட்பார் செவிக்குத் தோன்றுகின்றது. 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையர் நூலை முழுதும் பெயர்த்தமையின், அம்மொழியினரும் வரிசை பிறழாது உணர வழியுண்டாயிற்று. இசைக்கெனப் பகுதியை எடுப்பார்க்கு அக்காவல் இல்லை. ஆதலின் அவர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இக்குறை பற்றி இவ்விசையைத் தள்ளுதல் முறையன்று. திருமுறை அறியாத இளைஞர் பலர் செவியிலும் அடிகள் திருவாக்கு இதனாற் புகுந்தது. அது சிறு பயன் அன்று. இதனைக் கேட்பார் கேட்பதற்கு முன்னர்ச் சிவபுராணம் முழுவதையும் முதலிலிருந்து ஒருமுறை ஓதுவாராயின், இசையில் விடுபட்டது நெஞ்சில் நிரம்பும். தில்லையிலே நூலின் பொருள் யாதென வினவியோர்க்கு அடிகள் உரை விரித்திலர், கூத்தப்பெருமானையே சுட்டினார். ஓதுவார் குரலாயினும் பல்லியத்தின் முழக்கமாயினும், அத்திருவடியைச் சுட்டிநிற்கும் அளவே அதன் பெருமையாம்.

திருச்சிற்றம்பலம்.