விதி தோற்கும் இடம், ஓவியம் வெல்லும் இடம்

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் உள்ள கலைக்கூடம் ஒன்றில் 1980 முதல் இருக்கும் ஓர் ஓவியம் இத்தனை காலமும் தலைகீழாகத் தொங்கியிருக்கக்கூடும் என்ற செய்தி 2022-இல் வெளிவந்தது. ஓவியம், நெதர்லாந்து ஓவியர் பீட் மோண்ட்ரியானின் ‘நியூயார்க் சிட்டி 1’. வண்ண நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, முடிக்காமலே அவர் விட்டுச் சென்றது. அவர் இறந்த 1944-இல் அவருடைய ஓவியக்கூடத்தில் எடுத்த புகைப்படத்தில் அதே படம் இப்போதைய நிலைக்கு நேர்மாறாக நிற்கிறது. இனித் திருப்பி மாட்டினால் காய்ந்த நாடாக்கள் பிய்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

‘எல்லாம் வெறும் கோடுகள்தானே, எப்படி மாட்டினால் என்ன’ என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் வடிவியல் அரூப ஓவியத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு நிகழ்விலேயே தெரிகின்றன.

முதலில் பலம். மோண்ட்ரியான் அளவுகோலுடன் தொடங்கியவர் அல்லர். நெதர்லாந்தின் மரங்களையும் கடலையும் வரைந்து பழகிய கை அவருடையது. ‘சிவப்பு மரம்’, ‘சாம்பல் மரம்’ (1911), ‘பூத்த ஆப்பிள் மரம்’ (1912) மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் மாற்றம் புரியும். முதல் படத்தில் கிளைகள் முறுக்கிக்கொண்டு வானில் பரவுகின்றன. இரண்டாவதில் அவை வளைகோடுகளாகின்றன. மூன்றாவதில் மரம் ஏறக்குறைய மறைந்து, அதன் அசைவு மட்டும் மிஞ்சுகிறது. மரத்தைத் துறந்தபோதும் மரத்திடம் கற்றதை அவர் துறக்கவில்லை.

சூரிக்கில் உள்ள 1930-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 46 செ.மீ. சதுரம். வலப்புறம் மேலே பெரிய சிவப்பு, இடப்புறம் கீழே நீலம், வலது கீழ்மூலையில் துண்டு மஞ்சள். இடப்பக்கத்தில் இரு வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய கறுப்புக் கோடு மற்றவற்றைவிடத் தடித்தது. சிவப்பின் பாரத்துக்கு எதிர்எடை அதுதான். அதை மெலிதாக்கினால் படம் வலப்பக்கம் சரிந்துவிடும். வெள்ளையிலும் தூரிகை போன திசை தெரிகிறது. இந்த நிறுவையைச் சூத்திரம் கொடுத்துவிடாது. கண்தான் தேடிக் கண்டடைய வேண்டும்.

அரூப ஓவியர் மலேவிச்சின் ‘கறுப்புச் சதுர’மும் இப்படித்தான். 1915 டிசம்பரில் பெட்ரோகிராடில், ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் மேல்மூலையில் அவர் அதை மாட்டினார். அளந்து பார்த்தால் அது சரியான சதுரமே இல்லை. பக்கங்கள் சட்டத்துக்கு இணையாக ஓடவில்லை. கறுப்பில் விழுந்த வெடிப்புகளின் வழியே அடியிலிருக்கும் வேறு வண்ணங்கள் எட்டிப் பார்க்கின்றன. வடிவம் வடிவியலுடையது, வரைந்தது மனிதக் கை.

பலவீனம் கோட்பாட்டில் இருக்கிறது. 1909-இல் மோண்ட்ரியான் பிரம்மஞான சபையின் நெதர்லாந்துக் கிளையில் சேர்ந்தார். நம் அடையாற்றில் தலைமையகம் கொண்ட, அப்போது அன்னி பெசன்ட் தலைமை வகித்த அதே சபைதான். காணும் உலகுக்குப் பின்னால் மாறாத ஒழுங்கு ஒன்று உண்டு என்ற நம்பிக்கை பொருட்களைத் துறக்கும் துணிவை அவருக்குத் தந்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே நம்பிக்கைதான் தன் ரசனையைப் பிரபஞ்ச விதி என்று எண்ணவும் அவரைத் தூண்டியது. செங்குத்துக் கோடு ஆண், ஆன்மா; கிடைக்கோடு பெண், பருப்பொருள் என்று எழுதினார். தன் காலத்து ஐரோப்பிய ஆணின் பார்வையை அவர் உலகப் பொது உண்மையாக்கிக்கொண்டார். ‘டி ஸ்டெய்ல்’ இதழில் உடன் நின்ற வான் டூஸ்பர்க் 1924 வாக்கில் சாய்கோட்டைக் கொண்டுவந்தபோது அவர்கள் நட்பில் விரிசல் விழுந்தது. ஒரு கோட்டின் சாய்வு நட்பையே உடைக்கும் என்றால் அங்கே கலை மதமாகிவிட்டது.

இப்போது தலைகீழ் ஓவியத்துக்குத் திரும்புவோம். சமநிலை என்பது எல்லாக் கண்களுக்கும் பொதுவான விதி என்றால், இத்தனை ஆண்டுகளாக அதைப் பார்த்த எத்தனையோ தேர்ந்த கண்களில் ஒன்றாவது உறுத்தலில் விழித்திருக்க வேண்டும். நெடுங்காலம் ஒன்றும் விழிக்கவில்லை. அந்தக் கோட்பாடு இங்கே தோற்றது என்பதே என் கணிப்பு. ஆனால் படம் தோற்கவில்லை. மாறிய நிலையிலும் அது பார்த்தவர்களை நிறுத்திவைத்தது, நாடாக்களின் நெரிசலில் ஒரு நகரத்தின் துடிப்பைக் கொடுத்தது.

ஆகவே இந்த ஓவியங்களைக் கோட்பாட்டுக்கான விளக்கப்படங்களாகப் பார்ப்பதும், அலங்காரக் கட்டங்கள் என்று ஒதுக்குவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். அச்சுப்படத்திலும் கைப்பேசித் திரையிலும் கட்டங்கள் மட்டுமே வரும். தூரிகைத் தடமும் தடித்த கோட்டின் பாரமும் வருவதில்லை. வாய்ப்புக் கிடைத்தால் அசலின் முன் ஒரு கை தூரத்தில் நின்று, கோடு முடியும் விளிம்பைப் பாருங்கள்.