யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை எப்படிப் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார் பார்க்க நூதனசாலைக்குப் போகவேண்டியதில்லை. கலியாண மண்டபத்து வாசலில், கோயில் வீதியில், சந்தைக்கு வெளியே நிற்கும். கண்டால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் நேர் முன்னால் நில்லுங்கள். பொனற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு தட்டைப் பட்டி ஓடும். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுங்கித் தெரிகிறதென்று அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நாலு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தார். அந்த அகலம் அவருக்குப் பிடித்துவிட்டது. 1948இல் இலண்டன் கண்காட்சிக்கு வந்த கார் அந்த நாலு அங்குலத்தையும் பொனற்றில் சுமந்தே வந்தது. முன்கண்ணாடி இரண்டு துண்டென்றால் வண்டி 1956இலோ அதற்கு முன்னரோ செய்தது. கதவுத் தூணிலிருந்து சிறு கை நீண்டு திரும்பும் திசை காட்டினால் 1961இலோ அதற்கு முன்னரோ செய்தது.

இப்படித்தான் புத்தகம் சொல்லும். யாழ்ப்பாணத்தில் இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்படும். பழைய உடம்பில் பிந்திய கண்ணாடி இருக்கும். உள்ளே யப்பான் எஞ்சின்கூட இருக்கலாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார். அந்த அளவுகோலை இங்கே ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்பேன். ஒட்டும் மாற்றும்தான் இந்தக் கார்களின் பெறுமதி.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. இருந்ததைத் திருத்தி ஓடவேண்டியதாயிற்று. பிறகு போர்க்காலத்தில், 1990இல், அரசின் பொருளாதாரத் தடை. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்போது ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வெள்ளைப் புகை கக்கியபடி நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை இந்த வண்டிகள்தான்.

மண்ணெண்ணெயில் ஓட இடம் கொடுத்தது அவற்றின் அடக்கமான எஞ்சின். ஏ-40இன் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7:1. 1964இல் உற்பத்திக்கு வந்த ஜேர்மன் போர்ஷே 911இல் அது 9:1. உலகம் கொண்டாடும் அந்த அழகி மண்ணெண்ணெயைக் கொடுத்திருந்தால் இடித்து இடித்தே நின்றிருப்பாள். வேகத்துக்காகச் செய்த காரை வேகத்தால் அளக்கலாம். நம்முடையவற்றை, எதைக் கொடுத்தாலும் ஓடினவை என்பதைக் கொண்டு அளக்கவேண்டும்.

இலக்கத் தகட்டையும் தவறவிடாதீர்கள். 'ஈ.எல்.', 'ஈ.வை.' போன்ற ஆங்கில எழுத்துத் தகடு, தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்திய பதிவு. அந்த 'ஸ்ரீ'யை எதிர்த்து 1950களின் பிற்பகுதியில் இங்கே தகடுகளில் தார் பூசினார்கள். ஒரு தகட்டில் அவ்வளவு அரசியல் இருக்கிறது.

பிறகு காது. ஓடிவரும் மைனர் சந்தியில் வேகம் குறைக்கையில் கேளுங்கள். அக்சிலறேற்றரிலிருந்து கால் எடுபட்டதும் சைலன்சரில் 'புறு புறு' என்று ஒரு பேச்சு வரும். அந்த எஞ்சினுக்கே உரிய குரல் அது; ஒருமுறை பழகினால் மதிலுக்கு அப்பால் போனாலும் பிடிபடும்.

கடைசியாக, சொந்தக்காரரிடம் போய், "ஐயா, ஒருக்காப் பொனற்றைத் திறந்து காட்டுறியளோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார். உள்ளே எந்தச் சாமான் கம்பனியுடையது, எது இங்கே கடைந்து செய்தது என்று விசாரியுங்கள். செய்த கராஜ் எங்கே என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தடைக்காலத்தில் அந்தச் சாமானைக் கடைந்த கைகளுக்கு வயதாகிவிட்டது. காரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அந்தக் கராஜுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.