சீட்டும் சரக்கும்

ஆரணியில் பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பதில்லை. முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. சரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பார். நெய்தவர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால்தான் சந்தேகம் வரும்.

ஆய்வுக்கூடத்துச் சரக்கையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவான எஸ்சிஆர்7 என்ற வேதிப்பொருளைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. இந்திய ஆய்வுக்கூடம் உலகுக்குத் தந்த கூர்மையான கருவி என்பது ஒன்று. பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லாத சரக்கு என்பது மற்றொன்று. எது சரி?

எஸ்சிஆர்7 தடுப்பதாகச் சொல்லப்பட்டது லிகேஸ் 4 என்ற நொதியை. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால் முனைகளைக் கடைசியாக ஒட்டுவது இதன் வேலை. கதிர்வீச்சாலோ நச்சாலோ அறுந்தால் அது விபத்து. ஆனால் உடல் வேண்டுமென்றே அறுத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருளின் மரபணு. மனிதரிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000தான். எதிர்ப்பொருள்களோ கோடிக்கணக்கான வகை. இந்தக் கணக்கு எப்படி நேராகிறது என்பதற்கு 1976இல் சுசுமு டோனெகாவா விடை காட்டினார். 1987இல் நோபல் பரிசு வந்தது. எதிர்ப்பொருளின் கனச் சங்கிலிக்கு வி துண்டுகள் நாற்பது அளவில் இருக்கின்றன, டி துண்டுகள் இருபதுக்கு மேல், ஜே துண்டுகள் ஆறு. எதிர்ப்பொருளைச் செய்யும் ஒவ்வொரு பி செல்லும் வகைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, இடையில் கிடப்பதை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிக்கொள்கிறது. இதற்கு வி(டி)ஜே மறுசேர்க்கை என்று பெயர்.

வெட்டுபவை ராக்1, ராக்2 என்ற புரதங்கள். வெட்டிய முனை கொண்டை ஊசிபோல வளைந்து தன்னோடு தானே மூடிக்கொள்ளும். ஆர்ட்டெமிஸ் என்ற நொதி அதைத் திறக்கும். பெரும்பாலும் நட்டநடுவில் அல்ல, சற்று ஓரமாக. அந்தச் சமயத்தில் டிடிடி என்ற இன்னொரு நொதி, எந்த மூலப்படியையும் பாராமல் மனம்போனபடி சில எழுத்துகளைச் சேர்க்கும். கூ, எக்ஸ்ஆர்சிசி4 போன்ற புரதங்கள் முனைகளைப் பிடித்துக்கொடுக்க, லிகேஸ் 4 ஒட்டி முடிக்கும்.

தறியில் பாவிழை அறுந்தால் முடி வெளியே தெரியாதபடி பிணைப்பதுதான் கைநேர்த்தி. உடலோ வேலைப்பாட்டையே அந்த முடியில் வைத்திருக்கிறது. கிருமியைப் பற்றும் பகுதியில் மிக அதிகமாக மாறுபடுவது இந்த ஒட்டுவாய்தான். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்குப் பிசகிவிடுவதால் மூன்றில் இரண்டு ஒட்டுகள் வீணாகின்றன. இவ்வளவு சேதாரத்தை எந்தத் தறிக்கார முதலாளி பொறுப்பார்? லிகேஸ் 4 பிறவியிலேயே பழுதானவர்களுக்கு நோய் எதிர்ப்பு குன்றுகிறது, கதிர்வீச்சை உடல் தாங்குவதில்லை. அதாவது லிகேஸ் 4 நின்றால் வி(டி)ஜே ஒட்டும் நிற்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எஸ்சிஆர்7ஐ அறிவித்த குழுவின் தலைவர் சதீஸ் ராகவன் இந்தத் துறைக்குப் புதியவர் அல்ல. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லீபரின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்தவர். 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் தவறாக ஒட்டிக்கொள்வதால் ஒருவகை நிணநீர்ப் புற்று வருகிறது. 18இல் அந்த முறிவு ஏன் குறிப்பிட்ட ஓரிடத்திலேயே நேர்கிறது என்ற கேள்விக்கு, அங்கே டிஎன்ஏ வழக்கமான வடிவில் இல்லாததால் ராக் அதையும் வெட்டிவிடுகிறது என்று இருவரும் சகாக்களும் 2004இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். எஸ்சிஆர்7 விவகாரம் எப்படி முடிந்தாலும் அந்த வேலையின் மதிப்பு தனி.

2012 டிசம்பரில் செல் இதழில் வந்தது எஸ்சிஆர்7 கட்டுரை. அது சொன்னவை நான்கு: இந்தப் பொருள் லிகேஸ் 4 டிஎன்ஏவைப் பிடிப்பதைத் தடுக்கிறது, லிகேஸ் 1ஐத் தொடுவதில்லை, செல்லுக்குள்ளும் லிகேஸ் 4 வழியாகவே வேலைசெய்கிறது, எலிகளில் கட்டி வளர்வதைக் குறைக்கிறது. இவற்றில் நான்காவதுதான் எல்லோர் கண்ணையும் பறித்தது. எடைபோட்டால் மிக லேசானதும் அதுதான். லிகேஸ் 1, செல் பிரியும்போது டிஎன்ஏ நகலின் துண்டுகளை ஒட்டும் நொதி. அதைத் தடுத்தாலும் வேகமாகப் பெருகும் புற்றுசெல் திணறத்தான் செய்யும். கட்டி சுருங்கியது என்பதால் அடி எங்கே விழுந்தது என்று தெரிந்துவிடாது. கனமான சான்று மூன்றாவது. ஆனால் அது நிற்க இரண்டாவது நிற்க வேண்டும்.

அடுத்த மூன்றாண்டில் சரக்கு ஊரெங்கும் பரவிவிட்டது. கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: கொடுத்த மாதிரியைப் பார்த்துத் திருத்துவதற்குள் செல் அவசர அவசரமாக முனைகளை ஒட்டிவிடும். ஒட்டுபவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால்? 2015இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, எஸ்சிஆர்7 சேர்த்தால் சரியான திருத்தம் 19 மடங்கு வரை கூடுவதாகச் சொன்னது. வேதிப்பொருள் வணிகர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். மறுவருடம் முயல் கருக்களில் செய்து பார்த்தவர்களுக்கு அப்படியொன்றும் பலன் தெரியவில்லை.

அதே 2016இல் ஆலன் டாம்கின்சன் குழுவினர் தீக்குச்சியைக் கிழித்தார்கள். டிஎன்ஏ ரிப்பேர் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் லீபர். அச்சிட்ட செய்முறைப்படி எஸ்சிஆர்7ஐச் செய்யப் போனால் வேறொரு பொருளே பெரும்பங்காக வந்தது. அச்சிட்டிருந்த அமைப்பிலும் முரண் இருந்தது. ஒரு வணிக நிறுவனம் எஸ்சிஆர்7 என்று விற்றதும் அந்த வேறு பொருளைத்தான். எல்லா வடிவங்களையும் சோதித்தபோது அவை லிகேஸ் 4ஐவிட லிகேஸ் 1ஐயும் அதே குடும்பத்து லிகேஸ் 3ஐயுமே அதிகமாகத் தடுத்தன. கடைசியாக, செல்லுக்குள் வி(டி)ஜே மறுசேர்க்கையை எஸ்சிஆர்7 தடுக்கவில்லை.

இந்தக் கடைசிச் சோதனையைத்தான் நான் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப்பொருளின் வகைமாற்றத்திலும் டிஎன்ஏ அறுந்து ஒட்டுகிறது. ஆனால் லிகேஸ் 4 இல்லாமலும் மாற்றுவழியில் அது ஓரளவு நடந்துவிடும். அதை வைத்து எதையும் தீர்க்க முடியாது. வி(டி)ஜேவில் அந்தச் சலுகை இல்லை. லிகேஸ் 4 தடுப்பான் என்று பெயர் வைத்துக்கொண்டு வி(டி)ஜேவைத் தடுக்காமல் விடுவது, பட்டு என்று சொல்லிவிட்டு நெருப்பில் பிளாஸ்டிக்காக உருகுவது மாதிரி.

எதிர்க்கட்சிக்கும் ஒரு கேள்வி வைக்க வேண்டும். எஸ்சிஆர்7க்கு மூலமான தடுப்பான் 2008இல் டாம்கின்சன் குழுவே வெளியிட்ட வரிசையில் ஒன்று. இந்தச் சந்தையில் அவர்களும் கடை வைத்திருப்பவர்கள்தான். செல்லுக்குள் பொருள் போதிய அளவு போய்ச் சேராததால் வி(டி)ஜே தப்பித்திருக்கலாம் என்றும் வாதிடலாம். ஆனால் அந்த வாதம் எஸ்சிஆர்7ஐக் காப்பாற்றாது. செல்லுக்குள் போய்ச் சேராத பொருள் செல்லுக்குள் லிகேஸ் 4ஐ எப்படித் தடுத்திருக்கும்?

பெங்களூருக் குழு 2018இல் பதில் எழுதியது. எஸ்சிஆர்7 தானாகவே வளையமாகும், ஆக்சிஜனேற்றமும் அடையும். அந்த வடிவங்களும் லிகேஸ் 4ஐச் சார்ந்தே புற்றுசெல்லைக் கொல்கின்றன என்றது. பெயருக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதை இது ஒப்புக்கொள்கிறது. அமைப்புப் பற்றிய குழப்பம் பாதி தெளிந்தது. லிகேஸ் 1, 3 பற்றிய முரண்பாடு தீரவில்லை.

என் தீர்ப்பு இது. லிகேஸ் 4ஐக் குறிவைக்கலாம் என்ற 2012இன் யோசனை நல்ல யோசனை, அதைத் துணிந்து செய்து பார்த்ததும் நல்ல வேலை. எஸ்சிஆர்7ஐ லிகேஸ் 4க்கே உரிய தடுப்பான் என்று சொல்வது நிற்காது. அதைப் பயன்படுத்திய ஆய்வுகளில், லிகேஸ் 4 நீக்கிய செல்களையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தவற்றை மட்டும் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றின் முடிவுகளை, எந்த வடிவம் எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று தெரியும்வரை ஓரமாக வைக்க வேண்டும். வணிகப் பட்டியல்களில் இன்றும் அதன் பெயருக்குப் பக்கத்தில் லிகேஸ் 4 தடுப்பான் என்றுதான் அச்சிடுகிறார்கள்.