முதலில் வளர்ந்தவனுக்கே முதல் இடமா?

கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டரங்கில் தேர்வு நடக்கும் காலையில் ஓரமாக நின்று பாருங்கள். எட்டாம் வகுப்பு வரிசையில் அரும்பு மீசையோடு ஒருவன் நிற்பான். பக்கத்தில் அவன் தோளுக்குக்கூட எட்டாத இன்னொருவன். இருவருக்கும் ஒரே விசில், ஒரே ஸ்டாப்வாட்ச், ஒரே குண்டு. யார் முந்துவான் என்று சொல்லப் பயிற்சியாளரே வேண்டாம், டீக்கடைக்காரர் போதும். அந்தச் சின்னவன் தொலைவிலுள்ள அஞ்செட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கலாம். சாப்பிட்டாயா என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

பதின்மூன்று வயதில் இரண்டு பையன்களின் உடல் முதிர்ச்சி நான்கைந்து ஆண்டுகள்கூட வேறுபடும். நம் பள்ளிகளில் விளையாட்டுத் திறனைச் சோதிக்கும் உலகத் திறனாய்வுத் தேர்வு வகுப்புவாரியாக நடக்கிறது. கிரிக்கெட்டில் 16 வயதுக்குட்பட்டோருக்கு செப்டம்பர் 1 எல்லைக்கோடு. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே இடத்துக்கு மோதுகிறார்கள். எலும்பு வயதுச் சோதனை வயதுப் பொய்யைப் பிடிக்கும். இந்தப் பதினோரு மாதத்தை என்ன செய்யும்?

1985-இல் கனடாவின் ஐஸ் ஹாக்கியை ஆராய்ந்தவர்கள், முன்னணி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று காட்டினார்கள். அங்கே எல்லைக்கோடு ஜனவரி 1. அதைவிடச் சுவையானது 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு: பிந்திய மாதங்களில் பிறந்தும் தேர்வானவர்கள், தேர்வாளர்கள் போட்ட கணக்கைத் தாண்டி நீண்ட காலம் சிறப்பாக ஆடினார்களாம்.

பயிற்சியாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்த ஆண்டு எத்தனை பதக்கம் என்றுதான் அவரைக் கேட்கிறார்கள். அவரும் இந்த ஆண்டே ஜெயிக்கிற பையனைத் தேடுகிறார். தேர்வானவன் விடுதி, ஷூ, ஆட்டங்கள் எல்லாம் கிடைத்து இன்னும் தேறுகிறான். "நான் சொன்னேன் பார்த்தீர்களா" என்கிறார் பயிற்சியாளர்.

இந்தச் சுற்றுக்கு வெளியிலிருந்தும் சிலர் வருகிறார்கள். சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியவர். வயதுப்பிரிவுத் தேர்வு எதுவும் கண்டெடுக்காத அவர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். ஊரில் ஜெயப்பிரகாஷ் என்ற ஒருவர் கண்ணில் பட்டதால் வந்த வாழ்வு அது. பெரியவடகம்பட்டி மாரியப்பனைத் தேசியப் போட்டியில் பார்த்து பெங்களூருவுக்கு அழைத்துப்போனவர் பயிற்சியாளர் சத்யநாராயணா. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் மாரியப்பனுக்குத் தங்கம் கிடைத்தது. இரண்டிலும் வேலை செய்தது தனிமனிதக் கண். முறை என்று ஒன்று இல்லை.

ஓசூரில் இன்னொரு சல்லடையும் உண்டு: காசு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு அகாடமிக்குக் காரில் போகிறான். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையைத் தேர்வு மைதானத்துக்கே யார் கூட்டிப்போவது?

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் அகாடமிகள் வயதைவிட உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்து ஆடவைத்துப் பார்த்தன. நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். தேர்வுப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் உயரத்தையும் எழுதுங்கள். கழித்துவிட்டவர்களை ஓராண்டு கழித்து மறுபடி கூப்பிடுங்கள். ஒரு தேர்வையாவது ஞாயிற்றுக்கிழமை, அஞ்செட்டிப் பிள்ளைகளுக்கு எட்டும் தேன்கனிக்கோட்டையில் வையுங்கள்.